லேபிள் ஒட்டியவர்கள்

சிவகாசிப் பக்கம் லேபிள் என்றால் ஒரே பொருள்தான்: தீப்பெட்டியின் முகத்தில் ஒட்டும் தாள். 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். பெட்டி வந்ததும் லேபிள் தேவைப்பட்டது. லேபிளுக்காக அச்சு இயந்திரம் வந்தது. இசைத்தட்டு உலகத்திலும் லேபிள் முதலில் வெறும் தாள்தான். தட்டின் நடுவே வட்டமாக ஒட்டியிருக்கும். போகப்போக, தட்டை வெளியிடும் கம்பெனிக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது.

இந்த வாரம் ஹெவி மெட்டல் லேபிள்கள். "ஐயோ, அந்த இரைச்சலா?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஆடிக் கடைசி வெள்ளியன்று இருக்கன்குடியில், அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுகிற இடத்தில், நாலு பக்கமும் உறுமி முழங்க நின்று பார்த்தவர்களுக்கு மெட்டல் ஒன்றும் மிரட்டாது. அந்தக் கூட்டத்தில் கேசட் கடைகள் இருந்த காலம் நினைவிருக்கிறதா? மேலே ஒரு தார்ப்பாய், கீழே டேப் ரெக்கார்டர், எல்.ஆர். ஈஸ்வரியின் குரல். எந்தப் பாட்டுக்குக் கூட்டம் நிற்கிறது என்பது கம்பெனிக்குத் தெரியுமுன் கடைக்காரருக்குத் தெரிந்துவிடும்.

ஜான் ஜஸுலா அப்படியொரு கடைக்காரர். அமெரிக்காவின் நியூ ஜெர்ஸியில், ஈஸ்ட் பிரன்ஸ்விக் என்ற ஊரின் சந்தைக் கட்டடத்துக்குள் அவரும் மனைவி மார்ஷாவும் இசைத்தட்டுக் கடை வைத்திருந்தார்கள். கடைக்குப் பெயர் 'ராக் அண்ட் ரோல் ஹெவன்'. ஒருநாள் வாடிக்கையாளர் ஒருவர் மேற்குக் கரையிலிருந்து வந்த கேசட் ஒன்றைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினார். பாடியது மெட்டாலிகா என்ற குழு, அப்போது அவர்களுக்கு ஓர் ஆல்பம்கூடக் கிடையாது. ஜஸுலா 1,500 டாலர் அனுப்பி அவர்களை வரவழைத்தார். 1983 ஏப்ரலில் வாடகை லாரி ஒன்றில் நாட்டின் குறுக்கே பயணம் செய்து வந்து சேர்ந்த பையன்கள், ஜஸுலா வீட்டிலேயே தங்கிச் சாப்பிட்டார்கள். வந்த சில நாட்களிலேயே தங்கள் கிதார்காரர் டேவ் மஸ்டெய்னை பஸ் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த வீட்டில் மார்ஷா எப்படிச் சமாளித்தார் என்பதுதான் எனக்கு வியப்பு.

பெரிய கம்பெனிகள் எதுவும் சீந்தவில்லை. ஆகவே கணவனும் மனைவியும் சொந்த வீட்டின் மேல் கடன் வாங்கி, 'மெகாஃபோர்ஸ்' என்று தாங்களே லேபிள் ஆரம்பித்தார்கள். 1983 ஜூலை 25 அன்று 'கில் எம் ஆல்' வெளிவந்தது. அடுத்த ஆண்டே எலெக்ட்ரா என்ற பெரிய கம்பெனி மெட்டாலிகாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அந்த முதல் ஆல்பம் பின்னாளில் அமெரிக்காவில் மட்டும் 30 லட்சம் பிரதிகளைத் தாண்டியது. சின்ன லேபிள்காரர் நாற்று விடுவார். அறுவடைக்குப் பெரியவர் வருவார். ஆந்த்ராக்ஸ், ஓவர்கில், டெஸ்டமென்ட் என்று ஜஸுலா தம்பதி அடுத்தடுத்து நாற்று விட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். 2021 ஜனவரியில் மார்ஷா மறைந்தார். 2022 பிப்ரவரியில் ஜான்.

'கில் எம் ஆல்' வருவதற்கு ஓராண்டு முன்பே, 1982-ல், லாஸ் ஏஞ்சலஸில் பிரையன் ஸ்லேகல் 'மெட்டல் பிளேடு' லேபிளைத் தொடங்கியிருந்தார். அவரும் இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்தவர்தான். ஊர்க் குழுக்களின் பாட்டுகளைத் தொகுத்து 'மெட்டல் மாஸக்கர்' என்று வெளியிட்டார். மெட்டாலிகாவின் பாட்டு முதன்முதலில் தட்டில் ஏறியது அதில்தான். ஆனால் முதல் பதிப்பில் குழுவின் பெயரில் ஒரு 't' அதிகமாக விழுந்துவிட்டது. சிவகாசி அச்சகமாக இருந்தால் புரூப் பார்த்தவர் பாடு அன்று திண்டாட்டம்தான். இன்று சேகரிப்பாளர்கள் தேடி அலைவது அந்தப் பிழைப் பதிப்பைத்தான்.

நம் நாட்டில்? சினிமாப் பாட்டு விற்கிற கம்பெனிகளுக்கு மெட்டல் எதற்கு? மும்பையில் 2000-ல் 'டெமோனிக் ரிசரக்‌ஷன்' குழுவைத் தொடங்கிய சாஹில் மகிஜா, 'டீமன்ஸ்டீலர் ரெக்கார்ட்ஸ்' என்று சொந்தமாகவே லேபிள் வைத்துக்கொண்டார். 2010-ல் லண்டனின் மெட்டல் ஹாமர் பத்திரிகை அந்தக் குழுவுக்கு விருது கொடுத்தது. 2017-ல் வந்த அவர்களுடைய ஆல்பத்தின் பெயர் 'தசாவதாரம்'. மச்சம், கூர்மம், வராகம் என்று அவதாரத்துக்கு ஒரு பாட்டு. அதே மும்பையில் குணால் சோக்ஸி நடத்தும் லேபிள் 'டிரான்ஸெண்டிங் அப்ஸ்க்யூரிட்டி'. சிங்கப்பூரில் 1992-ல் உருவான 'ருத்ரா' குழுவின் 'எனிமி ஆஃப் டுவாலிட்டி' ஆல்பத்தை 2016-ல் வெளியிட்டது அதுதான். அந்தக் குழுவில் பாடுபவர் கதிர். உறுமும் குரலில் அவர் பாடுவது வேதாந்தம்.

சாத்தூர், சிவகாசி அச்சகங்களில் கேசட் உறையோ, இசைத்தட்டு லேபிளோ அடித்த அனுபவம் உள்ளவர்கள், இருக்கன்குடித் திருவிழாவில் கேசட் கடை போட்டவர்கள் யாராவது இதைப் படித்தால் பத்திரிகை முகவரிக்கு எழுதுங்கள். மிச்சமிருக்கும் தாள் ஏதாவது இருந்தால், பழைய பேப்பர் கடைக்குப் போடுவதற்கு முன் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.