பைக்காரா நீர்மின் நிலையம்: உலோகக் களைப்பு

1932-இல் இயங்கத் தொடங்கிய பைக்காரா நீர்மின் நிலையத்துக்கு நீர் சுமார் 939 மீட்டர் உயரத்திலிருந்து எஃகுக் குழாய் வழியே சிங்காராவில் இறங்குகிறது. குழாயின் அடியில் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் 90 மடங்கு. அங்கே எஃகு ஒரே திசையில் இழுபடுவதில்லை: சுற்றுவாட்டில் விரிக்கும் இழுவிசை, நீளவாட்டில் வெப்பமும் சரிவும் தரும் விசை, வால்வை மூடும்போது எழும் நீரதிர்ச்சி எல்லாம் சேர்கின்றன. இவற்றை ஒற்றைத் தகைவாக்கி (ஓரலகுப் பரப்பில் எழும் விசையாக்கி)ப் பார்க்க 1913-இல் கணிதவியலாளர் ஃபான் மீசஸ் தந்த அளவுகோல் உதவும். விரிசல் எத்திசையில் வளரும் என்பதை அது சொல்லாது.

குழாயின் முடிவில் நீர்த்தாரை சுழற்றும் பெல்ட்டன் சக்கரத்தில் ஆபத்து அதன் விளிம்பிலுள்ள கிண்ணங்களின் அடியில். நீர்த்தாரை அறையும் ஒவ்வொரு முறையும் அங்கே தகைவு ஏறி இறங்கும். இந்த ஏற்ற இறக்கத்தால் உலோகம் களைத்து, கண்ணுக்குத் தெரியாத வார்ப்புக் குறையிலிருந்து விரிசல் கிளம்பும். அதைக் கண்டறியும் காந்தத் துகள் சோதனையை ஒருபோதும் தள்ளிப்போடக் கூடாது. சுமையில் எஃகு மெல்ல நீளும் ஊர்வு இங்குள்ள குறைந்த வெப்பநிலையில் பொருட்டல்ல. அது கடும் சூட்டில் இயங்கும் நெய்வேலி அனல்மின் கொதிகலன் குழாய்களின் தொல்லை.