ஓய்வறியாத் தொண்டர் ஸேர் பொன்னம்பலம் அருணாசலம்

உத்தியோகம் ஒருவருக்கு மதிப்பைத் தரும். அந்த உத்தியோகம் நீங்கிய பின்னரும் அம்மதிப்பு நிலைக்கின்றதா என்பதே அவரது வாழ்வை அளக்கும் உரைகல். அதில் மாற்றுக் குறையாத பொன்னாக விளங்கியவர் ஸேர் பொன்னம்பலம் அருணாசலம்.

நமது பண்டத்தரிப்புக்குச் சில மைல் தூரத்திலுள்ள மானிப்பாயே அவருடைய முன்னோரின் ஊர். தந்தையார் பொன்னம்பல முதலியார் கொழும்பிலே கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலை எழுப்பிய புண்ணியவான். அவருக்கு மூன்றாவது புதல்வராக 1853ஆம் ஆண்டு செப்டெம்பர் 14ஆம் திகதி அருணாசலம் பிறந்தார். குமாரசுவாமியும் இராமநாதனும் தமையன்மார்.

கேம்பிறிட்ஜ் சர்வகலாசாலையிற் பயின்ற அவர், 1875இல் சிவில் சேவைப் போட்டிப் பரீட்சையிற் சித்தியெய்திய முதல் இலங்கையரானார். உயர்பதவிகள் ஆங்கிலேயருக்கே உரியனவாயிருந்த காலம் அது. பல ஊர்களில் நீதிபதியாயிருந்த பின் 1887இல் பதிவாளர் நாயகமானார். காணி உறுதி ஒன்றிற் பிழை நேர்ந்தால் தலைமுறைக்கும் வழக்கு என்பதை நம்மவர்க்குச் சொல்லவேண்டியதில்லை. சீர்குலைந்து கிடந்த அந்தப் பதிவுகளை அவர் ஒழுங்குபடுத்தினார். 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை நடத்தி, 35 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களின் மொழி, சமயம், தொழில் ஆகியவற்றை விரித்துரைக்கும் அறிக்கையையும் எழுதினார்.

இல்லறத்திலும் அவர் குறைவைக்கவில்லை. 1883இல் சுவர்ணம் அம்மையாரை மணந்தார். புதல்வர் மகாதேவா பிற்காலத்தில் உள்நாட்டு மந்திரியாகி நாட்டுக்கு உழைத்தார். அலுவல்களுக்கிடையே திருவாசகப் பாடல்களை ஆங்கிலத்திற் பெயர்த்து, சைவத்தின் பெருமையைப் பிறநாட்டாரும் அறியச் செய்தார்.

1913இல் அறுபதாவது வயதில் இளைப்பாறினார். பென்சன் பெற்றுச் சாய்மனைக் கதிரையில் இருந்திருந்தால் யார் குறைகூறுவர்? அவரோ 1915இல் சமூக சேவைக் கழகத்தையும், 1919இல் தொழிலாளர் நலன் பேணும் சங்கத்தையும் தொடக்கினார். வேலையை விட்டு விலகிய தோட்டத் தொழிலாளியைச் சிறையிலிடும் சட்டத்தை எதிர்த்து வாதாடினார். 1921இல் அத்தண்டனை ஒழிந்தது. பெரிய உத்தியோகத்தில் இருந்தவர் கூலிகளுக்காகப் பேசியது அந்நாளிற் புதுமை.

1919இல் இலங்கைத் தேசிய காங்கிரஸ் உருவானபோது அவரே முதல் தலைவர். மேல்மாகாணத் தமிழருக்கு ஓர் ஆசனம் அளிக்கத் துணைநிற்போம் என்று சிங்களத் தலைவர்கள் 1918இல் எழுத்திற் கொடுத்த வாக்குறுதியை நம்பியே யாழ்ப்பாணத்தவரும் அதிற் சேர்ந்தனர். அந்த நம்பிக்கைக்கு இடைநின்று துணைபுரிந்தவர் அருணாசலமே. வாக்குக் காற்றிற் பறந்தது. மனம் நொந்த அவர், தாமே பெற்று வளர்த்த பிள்ளையைப் போன்ற காங்கிரஸை விட்டு வெளியேறினார். 1923இல் இலங்கைத் தமிழ் மக்கள் சங்கத்தைக் கண்டார். ஒற்றுமையை அவரைவிட விரும்பியவர் எவருமிலர். ஆயினும் கொடுத்த வாக்கைக் காவாத ஒற்றுமை நில்லாது என்பதை அவருடைய விலகல் நாட்டுக்கு உணர்த்தியது. அப்பாடத்தைக் கல்லாமையின் விலையை நாம் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்து வந்திருக்கிறோம்.

தல யாத்திரை சென்றவிடத்து, 1924ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் திகதி மதுரையிலே அவர் சிவபதமடைந்தார்.

வாலிப அன்பர்களே! பரீட்சையிற் சித்தி, உத்தியோகம், பென்சன் என்று வாழ்க்கையை மூன்று படிகளாகக் கருதுவது நம் ஊர் வழக்கம். நாலாவது படியொன்று உண்டு, அதுவே தொண்டு. பென்சனுக்குப் பின்னர்ப் பத்தாண்டுகள் அதில் நின்று உழைத்த பெரியார் அருணாசலம். அப்படியை எட்ட அறுபது வயதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. இன்றே காலெடுத்து வைக்கலாம்.