புழுவின் தோற்றம்

உயிர்ப்பொருளை உயிரில்பொருளினின்று பிரித்தறிதற்கு உயிர்நூலார் சில இலக்கணங்களை வகுத்துரைப்பர். உணவு கோடல், உயிர்த்தல், கழிவு நீக்கல், வளர்தல், அசைதல், புறத்தே உற்றதனை உணர்ந்து அதற்கேற்ப இயங்கல், தன்னினத்தைத் தோற்றுவித்தல் என்பன அவை. இவற்றுள் இறுதியில் நின்ற இலக்கணம் எல்லா உயிர்ப்பொருட்கும் உரியதென்று துணிதற்கு மேனாட்டார்க்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற் சென்றன. ஆன் கன்றீனுதலும், புள் முட்டையிடுதலும், வித்தினின்று மரம் முளைத்தலும் யாவரும் கண்டன. அழுகிய ஊனிற் புழுத் தோன்றுங்கால் அதற்குத் தாய் யாது என்பதே எழுந்த வினாவாம்.

கிரேக்க நாட்டு அறிஞராகிய அரிஸ்டாட்டில் (கி.மு. 384–322) உயிரினங்களுட் சில தம்மினத்தினின்றும், சில சேற்றினும் அழுகலினும் தாமாகவும் தோன்றுமெனக் கொண்டார். அவர் ஆராயாது கூறினாரல்லர். கோழிமுட்டையுட் குஞ்சு வளருமாற்றை நாடோறும் உடைத்து நோக்கி எழுதியவர் அவர். விலாங்குமீனை ஆராய்ந்து அதனகத்து முட்டை காணாமையின், அது சேற்றினின்று பிறப்பதென முடிவுசெய்தார். விலாங்கு தன் பருவம் முதிர்ந்துழி ஆற்றை நீங்கி நெடுங்கடல் சென்று முட்டையிடுவதாகலின், ஆற்றிற் பிடித்தவற்றுள் அது புலப்படவில்லை. ஐரோப்பிய விலாங்கு இனம்பெருக்குமிடம் அட்லாண்டிக் மாகடலின் சர்காசோப் பகுதியென்று டென்மார்க்கு நாட்டு யோகான்னஸ் சிமித்து என்பார் 1922-இல் உணர்த்தினார். காணாமை இன்மையாகாது என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

அரிஸ்டாட்டில் கொள்கை பதினேழாம் நூற்றாண்டு வரையும் வழங்கிற்று. 1644-இல் இறந்த வான் எல்மாண்டு என்னும் மருத்துவர், கோதுமையுள்ள கலத்தின் வாயில் அழுக்குச்சட்டையைத் திணித்து வைப்பின் 21 நாளில் எலிகள் பிறக்குமென எழுதிவைத்தார். எலி வெளியினின்று புகுமோ என அவர் ஐயுற்றிலர்.

அவ்வையத்தை எழுப்பித் தெளிந்தவர் இத்தாலி நாட்டுப் பிளாரன்சு நகரத்திருந்த பிரான்சிஸ்கோ ரெடி என்னும் மருத்துவர். அவர் 1668-இல் வெளியிட்ட நூலிற் கூறிய சோதனை மிக எளியது. பாம்பு, மீன், விலாங்கு, கன்றின் ஊன் ஆகியவற்றை நான்கு கலங்களிலிட்டு வாயை நன்கு மூடினார். அவைபோல்வன வேறு நான்கனைத் திறந்து வைத்தார். திறந்தவற்றில் ஈ மொய்த்துப் புழுக்கள் நெளிந்தன. மூடியவற்றில் ஊன் அழுகியும் புழு இல்லை. காற்றுப் புகாமையாற் புழுப் பிறவாதாயிற்று என்பார் உளராவரென எண்ணி, காற்றுப் புகுதற்கும் ஈப் புகாமைக்கும் ஏற்ற மெல்லிய துணியாற் கலத்தை மூடிப் பார்த்தார். அப்பொழுதும் ஊனிற் புழு இல்லை, துணியின்மேலே காணப்பட்டன. புழுவே பின் ஈயாதலையும் அவர் கண்டார். ஆகவே, அழுகல் புழுவுக்கு உணவாவதன்றிப் பிறப்பிடமன்று என்பது பெறப்பட்டது.

வழக்கு இதனோடு முடிந்திலது. லேவன்ஊக்கு என்பார் உருப்பெருக்கிக் கண்ணாடியால் நீர்த்துளியில் நுண்ணுயிர்களைக் கண்டு 1676-இல் எழுதினார். இத்துணைச் சிறியன தாமே தோன்றுமென்னும் கொள்கை மீண்டும் தலையெடுத்தது. நீதம் என்னும் ஆங்கிலப் பாதிரியார் காய்ச்சி அடைத்த ஊன்சாற்றில் அவை தோன்றக் கண்டு 1748-இல் அதனை வலியுறுத்தினார். ஸ்பல்லன்சானி என்னும் இத்தாலியர் கண்ணாடிக் குப்பியின் வாயை உருக்கியடைத்து நெடுநேரம் காய்ச்சியபோது ஒன்றும் தோன்றவில்லையென 1765-இல் மறுத்தார். காய்ச்சுதலாற் காற்றின் ஆற்றல் அழிந்ததென நீதம் விடைகூறினார்.

இத்தடையை நீக்கியவர் பிரெஞ்சு அறிஞராகிய லூயி பாஸ்டியர். அவர் சாற்றைக் குப்பியிலிட்டு, அதன் கழுத்தை அன்னக்கழுத்துப்போல வளைத்து, திறந்தபடியே காய்ச்சி வைத்தார். காற்று இடையறாது புகுந்தது; தூசியோ வளைவிற் படிந்து நின்றது. சாறு கெடவில்லை. கழுத்தை முறித்தபின் சின்னாளில் நுண்ணுயிர் நிறைந்தன. வேறு குப்பிகளை அடைத்துக் கொணர்ந்து பலவிடங்களிற் றிறந்து மீண்டும் அடைத்தார். ஆர்புவா நகரின் புறத்தே தாழ்நிலத்தில் 20-இல் 8 கெட்டன; யூரா மலையில் 20-இல் 5; ஆல்ப்ஸ் மலைப் பனிப்பரப்பில் 20-இல் 1. தூசி குறையுந்தோறும் உயிர்த்தோற்றமும் குறைந்தது. 1862-இல் பாரிசு அறிவியற் கழகம் அவர்க்குப் பரிசளித்தது.

அவரை எதிர்த்த பூசே என்பார் வைக்கோற் சாற்றைக் காய்ச்சியும் உயிர் தோன்றக் கண்டார். அவரும் பொய் கூறினாரல்லர். வைக்கோலிலுள்ள ஒருவகை நுண்ணுயிரின் வித்து கொதிநீரினும் மாயாதென 1876-இல் கோன் என்னும் செருமானியர் விளக்கினார்.

இவ்வரலாறு சைவநூல் பயில்வார்க்கும் உரியதே. சிவஞான சித்தியார் பிறப்பை அண்டசம், சுவேதசம், உற்பிச்சம், சராயுசம் என நான்காக வகுக்கும். வியர்வையினும் வெம்மையினும் தோன்றுவனவாகிய சுவேதசத்திற்குப் பேன், கிருமி, புழு முதலாயின காட்டப்படும். இக்கால அறிவின்படி பேன் ஈரினின்று பொரிதலின் அண்டசத்தின்பாற் படும். கிருமி முன்னைக் கிருமி இரண்டாகப் பிளத்தலின் உண்டாவது. ஈண்டு எடுத்துக்காட்டு மாறுதலை மறைத்தல் நன்றன்று. ஆயின், குடத்திற்கு மண் முதற்காரணமும் தண்டசக்கரம் துணைக்காரணமும் ஆதல்போல, முட்டையும் வித்தும் முதற்காரணமாக, ஈரமும் வெம்மையும் துணைக்காரணமாய் நிற்றலையே ரெடியும் பாஸ்டியரும் பிரித்துக் காட்டினர் என்க. இல்லது தோன்றாது என்னும் சற்காரியவாதத்திற்கு இது முரணாகாது.

மேலும், இச்சோதனைகள் உடலின் தோற்றத்தைப் பற்றியனவே; சித்தாந்தம் உயிரெனக் கூறும் ஆன்மாவை அவை ஆராய்ந்தனவல்ல. நிலவுலகில் முதலுடல் தோன்றியவாறு யாது என்னும் வினாவும் அவற்றால் முடிந்திலது. 1953-இல் சிகாகோ நகரத்து மில்லர் என்பார் நீராவி, மீதேன், அம்மோனியா, ஐதரசன் ஆகியவற்றினூடே மின்பொறி செலுத்தி, ஊன்பொருட்குக் கூறாகிய அமினோ அமிலங்கள் சிலவற்றைப் பெற்றார், உயிர்ப்பொருளைப் பெற்றாரல்லர். அவ்வாராய்ச்சி இன்றும் நடைபெறுகின்றது. இன்று காணப்படும் புழுவும் கிருமியும் தம்மினத்தினின்றே வருவன என்பது மட்டும் ஐயமின்றித் துணியப்பட்டது.