கழிவுக்கு விலை வைப்பது யார்? கிள்ளான் பள்ளத்தாக்கில் சுற்றுச்சூழல் நடைமுறையும் நிறுவன இலாபமும்

சுற்றுச்சூழலைப் பேணும் நிறுவனம் இலாபத்தில் பின்தங்குகிறதா, முந்துகிறதா? இவ்வினா மேலாண்மை ஆய்வில் பல்லாண்டுகளாகத் தொடர்கிறது. சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் ஆகிய மூன்றிலும் நிறுவனங்களின் பொறுப்பு குறித்த ஏறத்தாழ 2,200 ஆய்வுகளை ஃப்ரீட, புஷ், பாஸன் ஆகிய மூவரும் 2015இல் தொகுத்து நோக்கினர். அவற்றுள் பத்தில் ஒன்பது, அப்பொறுப்பு நிதிநிலையைக் கெடுப்பதாகக் காட்டவில்லை. இத்தகைய தொகுப்புகள் உறவு உண்டு என்கின்றன. அதை உண்டாக்குவது எது என்று சொல்வதில்லை. கழிவுக்குச் சட்டமோ சந்தையோ விலை வைக்கும்போதுதான் அவ்வுறவு பிறக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கேரித் தீவு முதலாகச் சிலாங்கூரெங்கும் பரவிய செம்பனைத் தொழில் இதற்கு முதற்சான்று. ஒரு டன் எண்ணெய் பிழியும் ஆலையிலிருந்து இரண்டரை டன்னுக்கு மேல் கழிவுநீர் வெளியேறுகிறது. சுத்திகரிக்காத நிலையில் அதன் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் அளவில் இருக்கும். இதை ஆற்றில் விட ஆலைக்குச் செலவில்லாத காலத்தில், சுத்திகரிக்கும் ஆலையே போட்டியில் தோற்றிருக்கும்.

1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ் 1977இல் வந்த விதிகள் இக்கணக்கை மாற்றின. 1978இல் 5,000 மில்லிகிராமாக இருந்த வரம்பு, 1984க்குள் படிப்படியாக 100க்கு இறங்கியது. ஆற்றில் சேரும் கழிவுச் சுமைக்கு டன்னுக்கு 10 ரிங்கிட் கட்டணம். முதல் ஆண்டில் வரம்பை மீறிய சுமைக்கு 100 ரிங்கிட். ஆலைகள் குளம் வெட்டி, காற்றில்லா முறையில் கழிவைச் செரிக்கப் பழகின. கழிவுச் சுமை செங்குத்தாகச் சரிந்தது. தொழிலோ தேயவில்லை: 1980இல் ஏறத்தாழ 26 லட்சம் டன்னாக இருந்த மலேசியாவின் செம்பனை எண்ணெய் உற்பத்தி 1985இல் 41 லட்சம் டன்னைத் தொட்டது.

கண்டிப்பான விதி புத்தாக்கத்தைத் தூண்டும் என்ற மைக்கேல் போர்ட்டரின் கருதுகோளுக்கு இது பொருந்துவதாகத் தோன்றும். முழுவதும் பொருந்தாது. சொந்தத் தோட்டம் உடைய ஆலை, சுத்திகரித்த நீரை மரங்களுக்குப் பாய்ச்சி உரச்செலவைக் குறைத்தது. தோட்டமற்ற தனி ஆலைக்கு அதே விதி வெறும் செலவு. எண்ணெய் விலையை உலகச் சந்தை நிர்ணயிப்பதால் அச்செலவை வாங்குவோர் தலையில் கட்ட இயலாது. பழக்குலைக்குக் கொடுக்கும் விலையைக் குறைத்து விவசாயியிடமே அதைத் தள்ள முடியும். ஆலையின் இலாபக் கணக்கை மட்டும் படிப்பவருக்கு இந்த இடமாற்றம் தெரியாது.

அதே குளங்களிலிருந்து கிளம்பிய மீத்தேனுக்கு விதியும் இல்லை, விலையும் இல்லை. ஆகவே அது காற்றில் கலந்தது. கியோட்டோ உடன்படிக்கையின் கரிம வரவுகளும், 2011இல் தொடங்கிய புதுப்பிக்கத்தக்க மின்சாரக் கொள்முதல் கட்டணமும் வந்த பிறகே அதைப் பிடித்து மின்சாரமாக்குவது கட்டுபடியாகத் தொடங்கியது. எல்லா ஆலைகளும் 2020க்குள் உயிரிவாயுக் கலன் அமைக்க வேண்டும் என்ற தேசிய இலக்கை ஒரு பகுதி ஆலைகளே எட்டின. ஆலையும் நிர்வாகமும் ஒன்றே. ஒரே கழிவில் நீரில் சேரும் சுமை அடங்கியது, மீத்தேன் தப்பியது. நிர்வாகத்தின் நற்பண்பைக் கொண்டு இவ்வேறுபாட்டை விளக்க இயலாது.

சந்தை விலை வைத்ததற்கும் சான்று உண்டு. கோலாலம்பூரில் செயலகம் கொண்ட செம்பனை வட்டமேசை அமைப்பு, மேற்குக் கலிமந்தான் காடழிப்புப் புகாரின்பேரில் 2016 ஏப்ரலில் செம்பனை நிறுவனமான ஐ.ஓ.ஐ. குழுமத்தின் நிலைத்தன்மைச் சான்றிதழை இடைநிறுத்தியது. யூனிலீவர், மார்ஸ், கெலாக் போன்ற வாங்குவோர் விலகினர். மே மாதம் அவ்வமைப்பின்மீது வழக்குத் தொடுத்த குழுமம் ஜூனில் அதைத் திரும்பப் பெற்றது. ஆகஸ்டில் தடை நீங்கியது. ஆனால் இக்கண்டிப்பு, பெயருக்கு அஞ்சும் பன்னாட்டு வாடிக்கையாளர் உள்ள இடத்தில்தான் செல்லும்.

2020 செப்டம்பரில் ரவாங் அருகே சுங்கை கோங் மாசுபட்டபோது சந்தேகத்துக்குள்ளானது, பங்குச் சந்தைப் பட்டியலில் இல்லாத ஓர் இயந்திரப் பராமரிப்புக் கூடம். நான்கு நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. ஏறத்தாழ 12 லட்சம் இணைப்புகளுக்குத் தண்ணீர் நின்றது. இத்தகைய நிகழ்வில் பிரிக்பீல்ட்ஸ் உணவகம் முதல் கிள்ளான் தொழிற்சாலை வரை இழப்பு ஏற்படும். மாசுபடுத்தியவரின் ஏட்டில் அது பதிவாகாது. பட்டியலிட்ட நிறுவனங்களுக்கு நிலைத்தன்மை அறிக்கையைப் பங்குச் சந்தையான புர்சா மலேசியா 2015இல் விதித்தது. ஆய்வாளர் எடுக்கும் தரவு பெரும்பாலும் அதிலிருந்தே வருகிறது; பட்டியலில் இல்லாத கூடம் அதில் இடம்பெறாது. வசதியான நிறுவனமே பேணுதலுக்கும் செலவழிக்க முடியும் என்பதால், அத்தரவில் காரணமும் விளைவும் தலைகீழாகவும் இருக்கலாம்.

2024இல் திருத்தப்பட்ட சுற்றுச்சூழல் தரச் சட்டம் உச்ச அபராதத்தை 1 கோடி ரிங்கிட் வரை உயர்த்தியது. அபராதம் வசூலானால்தான் அது விலை. ஏட்டில் நின்றால் வெறும் எண். ஆகவே இனிவரும் ஆய்வுகள் நிறுவனத்தின் அறிக்கையோடு வழக்குப் பதிவுகள், பழக்குலை விலை, நீர்த்தடை இழப்பு ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். அவற்றை விட்டுவிட்டுக் காணும் இலாபத்தில், பிறர் செலுத்திய பணமும் கலந்தேயிருக்கும்.