நீம் நகரத்துச் சுண்ணாம்பு

'போன் து கார்' பாலத்தின் படத்தை, பிரெஞ்சுப் பள்ளியில் படித்த நம்மில் பலர் பாடநூலில் பார்த்திருப்போம். மூன்று அடுக்கு வளைவுகள், ஏறக்குறைய 49 மீட்டர் உயரம். 1-ஆம் நூற்றாண்டில் ரோமானியர் கட்டியது. அதன் உச்சியில் நீம் நகரத்துக்குத் தண்ணீர் போனது என்று வாத்தியார் சொல்லிக்கொடுத்தார். அந்த வாய்க்காலைப் பிற்காலத்தில் பாதி அடைத்தது எது என்பதை அவரும் சொல்லவில்லை, புத்தகமும் சொல்லவில்லை.

தண்ணீர் கிளம்பிய இடம் உசேஸ் ஊருக்கு அருகிலுள்ள ஏர் ஊற்று. நேராகப் போனால் நீம் 20 கிலோமீட்டர்தான். மலைகளைச் சுற்றிக்கொண்டு வாய்க்கால் 50 கிலோமீட்டர் போகிறது. மொத்தச் சரிவோ 12, 13 மீட்டர். கிலோமீட்டருக்கு ஒரு சாணுக்குச் சற்று மேல். பம்பு எதுவும் இல்லாமலே இப்படி ஒரு கணக்கு! நகரத்துக்குள் வந்த தண்ணீர் வட்டமான ஒரு தொட்டியில் விழுந்து, ஈயக் குழாய்கள் வழியே நீரூற்றுகளுக்கும் குளியல் மண்டபங்களுக்கும் பிரிந்தது. அந்தத் தொட்டியை இன்றும் பார்க்கலாம். (முத்திரையர்பாளையத்துத் தண்ணீரையும் ஆயி மண்டபத்தையும் அறிந்த நமக்கு இது புதிதல்ல.)

ஊற்றுத் தண்ணீர் பார்வைக்குப் பளிங்குதான். ஆனால் அந்தப் பிரதேசமே சுண்ணாம்புக்கல் பூமி. மழைநீர் மண்ணிலுள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு கல்லைக் கரைக்கிறது. பிறகு தண்ணீர் சூடேறினாலோ, அலைந்து குலுங்கினாலோ வாயு பறந்துவிடும். கரைந்த கல் மறுபடி கல்லாகிவிடும். வாய்க்காலின் இரு சுவர்களிலும் ஆண்டுக்கு ஆண்டு, மரத்தின் வளையம் போல, அடுக்கடுக்காக அது படிந்தது. சுமார் 1.2 மீட்டர் அகல வாய்க்காலில், சில இடங்களில் பக்கத்துக்குக் கிட்டத்தட்ட அரை மீட்டர்! சாம்ராஜ்யம் தளர்ந்த பிறகு வாய்க்காலைப் பராமரிக்க ஆளில்லை. இடைக்காலத்தில் சுற்றுவட்டார மக்கள் அந்தப் படிவைப் பாளம் பாளமாகப் பெயர்த்து, வீடும் கோயிலும் கட்டக் கல்லாகப் பயன்படுத்தினார்கள். நம் வெந்நீர் அண்டாவில் வெள்ளையாக ஏறுவதும் இதே சரக்குதான்.

அதே சுண்ணாம்பு மலைகளின் நடுவே இன்று வீட்டுக்கு வீடு நீச்சல் குளம். பிரான்சில் தனியார் குளங்கள் 30 லட்சத்துக்கு மேல். நீமுக்கு வெளியே குடியிருக்கும் என் தங்கை மகன் வீட்டிலும் ஒன்று. ஓடுகளில் தண்ணீர் மட்டத்தை ஒட்டி வெள்ளைக் கோடு விழுந்ததும் யாரோ ஆசிட் ஊற்றச் சொல்லியிருக்கிறார்கள். வாரம் தவறாமல் ஊற்றினான். கோடு போயிற்று. அடுத்த கோடையில் போன் செய்தான்: "மாமா, இப்போ தரையே அரிச்சுப்போச்சு. உப்புத்தாள் மாதிரி இருக்கு, பிள்ளைங்க காலெல்லாம் சிராய்ப்பு. குளத்தை மூடிடலாமான்னு பார்க்கறேன்." பூச்சைப் பெயர்த்துப் புதிதாகப் பூச அவனுக்குச் சொன்ன தொகையைக் கேட்டால் இங்கே ஒரு சிறிய வீடே கட்டிவிடலாம்.

அதன் பிறகுதான் நான் இதைத் தேடிப் படித்தேன். சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது என்ற அளவில்தான் நம் வீடுகளில் கடின நீரை அறிவோம். அபர்தீன் பேராசிரியர் தாமஸ் கிளார்க் அந்தச் சோப்பையே அளவுகோலாக்கினார். 1841-இல், தண்ணீரில் சுண்ணாம்பைச் சேர்த்தே சுண்ணாம்பைப் பிரிக்கும் முறைக்குக் காப்புரிமையும் பெற்றார். முள்ளை முள்ளால் எடுப்பது என்பது இதுதான். கொஞ்ச காலத்துக்குள் பிரான்சில் பூத்ரோன், பூதே என்ற இருவரும் சோப்பு முறையைச் செம்மைப்படுத்தினார்கள். இன்றும் அங்கே கடினத்தை டிகிரியில்தான் சொல்கிறார்கள். லிட்டருக்கு 10 மில்லிகிராம் சுண்ணாம்பு ஒரு பிரெஞ்சு டிகிரி.

ஆனால் என் மருமகனின் புதிரை அவிழ்த்தவர் கலிபோர்னியாப் பேராசிரியர் லாங்கலியர். 1936-இல் அவர் கட்டுரை எழுதியபோது அவருடைய கவலை நீச்சல் குளமே அல்ல, ஊர்க் குழாய்கள் துருப்பிடிப்பது. குழாயின் உள்ளே சுண்ணாம்பு மெல்லிய ஏடாகப் படிந்தால் இரும்பு தப்பும் என்று கண்டார். பி.எச்., சுண்ணாம்பு, காரத்தன்மை, வெப்பம், கரைந்த உப்புகள் இவற்றை வைத்து ஒரு கணக்குப் போட்டார். விடை பூச்சியத்துக்கு மேலே போனால் தண்ணீர் சுண்ணாம்பைக் கக்கும். கீழே போனால் சுண்ணாம்புக்குப் பசித்து, கிடைத்த சிமெண்டையே தின்னும். மருமகன் ஆசிட் ஊற்றி ஊற்றிப் பசித்த தண்ணீரைத்தான் உண்டாக்கியிருக்கிறான்.

குளத்துக்கு பி.எச். 7.2 முதல் 7.6 வரை, கடினம் 20 முதல் 40 டிகிரி வரை இருக்கலாம். வெயிலில் ஆவியாவது வெறும் தண்ணீர்தான். சுண்ணாம்பு உள்ளேயே தங்கிச் சேர்ந்துகொண்டே போகும். அதனால் ஒரு பங்கை இறைத்துவிட்டுக் கூரை மழைநீரை விடச் சொன்னேன். முழுக்க இறைக்கவே கூடாது. நிலத்தடி நீர் உயர்ந்திருக்கும் காலத்தில் காலிக் குளம் ஓடம் போல மேலெழும்பி விரிசல் விட்டுவிடும். குறைந்துபோன காரத்தன்மைக்கு நம் ஆப்ப சோடாவே போதும். பழைய படிவில் ஒரு துளி ஆசிட் விட்டால் பொங்கவேண்டும். பொங்காவிட்டால் அது வேறு ஜாதிப் படிவு, தேய்த்துத்தான் எடுக்கவேண்டும். ஆசிட்டைத் தண்ணீரில் விடலாம், தண்ணீரை ஆசிட்டில் விடக்கூடாது. குளோரினோடு அது சேரவே கூடாது. எழும்பும் புகை ஆளைக் கொல்லும்.

மருமகன் இப்போது வாரம் ஒருமுறை அளந்து, கோடு போட்ட நோட்டில் தேதிவாரியாக எழுதி வைக்கிறான். தரையில் மிகவும் கெட்ட பகுதியை மட்டும் பூசிக்கொண்டான். வடக்கு ஓரத்தில் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு மறுபடி தெரிகிறதாம். அதைத் தொடவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.