நிலாவில் நூறு மீட்டர்

2023 ஆகஸ்ட் 30, புதன்கிழமை. ஆவணிப் பௌர்ணமி. திதி மறுநாள் காலை வரை இருந்ததால் திருவண்ணாமலையில் அன்று இரவு முழுக்கக் கிரிவலம். மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர். நள்ளிரவில் தெற்கே திரும்பி அண்ணாந்து பார்த்தவர்களுக்கு நிலாவின் அடிவிளிம்பு தெரிந்திருக்கும். அந்த விளிம்பை ஒட்டிய ஓரிடத்தில் அப்போது பிரக்யான் என்ற ஊர்தி நின்றும் நகர்ந்தும் வேலை செய்துகொண்டிருந்தது. எடை 26 கிலோ, ஆறு சக்கரங்கள், வேகம் நொடிக்கு ஒரு சென்டிமீட்டர். அந்த வேகத்தில் கிரிவலப் பாதையைச் சுற்றிவர அதற்குப் பதினாறு நாள் ஆகும். நிலாவில் ஒரு பகல் என்பதே நம் கணக்கில் சுமார் 14 நாள்தான். நம்மூர்ப் பெண்கள் நாலைந்து மணி நேரத்தில் முடிக்கிற நடையை அதன் ஆயுளுக்குள் அது முடித்திருக்காது.

கிரிவலத்தை இங்கே இழுப்பதற்குக் காரணம் உண்டு. 'விண்வெளி ஆர்வலர்' என்றதும் மனத்தில் வருகிற உருவம் மொட்டை மாடியில் தொலைநோக்கியுடன் நிற்கும் ஓர் ஆண். வானத்தைப் பார்க்க அறிவு மட்டும் போதாது. இரவு வேண்டும், ஓய்வு வேண்டும், வெளியே நிற்க அனுமதி வேண்டும். நம் வீடுகளில் இந்த மூன்றும் பெண்ணுக்குச் சேர்ந்து கிடைப்பது அரிது. 1990களுக்குப் பிறகு பெருகிய பௌர்ணமிக் கிரிவலம், பக்தி என்ற பெயரில், மாதம் ஒரு முறை இதைத் தருகிறது. இரவு இரண்டு மணிக்குத் தெருவில் நடக்கும் பெண்ணிடம் அன்று யாரும் 'எங்கே போகிறாய்' என்று கேட்பதில்லை. நிலாவுக்குக் கீழே பெண்கள் இவ்வளவு நேரம் வெளியே இருக்கும் இரவு இந்த ஊரில் வேறு கிடையாது.

தரையிறக்கம் நடந்த ஆகஸ்ட் 23 அப்படிப்பட்ட இரவு அல்ல. மாலை 6 மணி 4 நிமிடம். விளக்கேற்றும் நேரம், பிள்ளைகள் பசியோடு பள்ளிவிட்டு வந்திருக்கும் நேரம். இஸ்ரோவின் யூடியூப் நேரலையை ஒரே சமயத்தில் 80 லட்சத்துக்கு மேற்பட்ட திரைகள் பார்த்தன என்று கணக்குச் சொன்னார்கள். திரைக்கு முன் உட்கார்ந்திருந்தவர் யார், அடுப்படி வாசலில் நின்று எட்டிப் பார்த்தவர் யார் என்று அந்தக் கணக்கு சொல்லாது.

முதல் பத்து நாள்களின் கதையைப் பார்ப்போம். 24ஆம் தேதி பிரக்யான் சாய்தளத்தில் இறங்கி நிலாத் தரையைத் தொட்டது. 27ஆம் தேதி நாலு மீட்டர் அகலமுள்ள பள்ளம் ஒன்று எதிர்ப்பட்டது. மூன்று மீட்டர் தொலைவிலேயே கண்டுகொண்டு, வந்த வழியே திரும்பச் சொன்னார்கள். அதே நாள் லேண்டரின் வெப்பமானி வியப்பான செய்தியைத் தந்தது: மேற்பரப்பில் 50 டிகிரிக்கு மேல் சூடு, வெறும் எட்டு சென்டிமீட்டர் கீழே பூஜ்யத்துக்கும் பத்து டிகிரி குறைவு. அடுத்து, லேசரால் மண்ணைச் சுட்டு எழும் ஒளியைப் படித்ததில் கந்தகம் இருப்பது உறுதியானது. 30ஆம் தேதி காலையில் பிரக்யான் லேண்டரைப் படம் எடுத்தது.

இந்த ஓட்டம் தானாக நடந்ததில்லை. பிரக்யானால் நேரே பூமியோடு பேச முடியாது. அது எடுக்கும் படங்கள் லேண்டர் வழியாகப் பெங்களூருவுக்கு வரும். அங்கே அவற்றை வைத்து மேடுபள்ள வரைபடம் தயாரித்து, பாதை தீர்மானித்து, கட்டளை அனுப்புவார்கள். ஒரு தடவைக்கு ஐந்து மீட்டர்தான் அதிகபட்சம். பிறகு மறுபடியும் படம், வரைபடம், கட்டளை. இரவு பகல் பாராத வேலை. இந்தத் திட்டத்தில் நேரடியாகப் பங்கேற்ற பெண் பொறியாளர்களும் அறிவியலாளர்களும் சுமார் 54 பேர் என்று அப்போது செய்திகள் வந்தன.

இந்த உழைப்பை இஸ்ரோ ஊருக்கு எப்படிச் சொன்னது? 31ஆம் தேதி, பிரக்யான் பாதுகாப்பான வழி தேடித் தன்னிடத்திலேயே சுழல்வதை லேண்டரின் கேமரா பிடித்தது. அந்தக் காணொளியோடு வந்த குறிப்பு, சந்தமாமாவின் முற்றத்தில் குழந்தை விளையாட, தாய் அன்போடு பார்த்துக்கொண்டிருப்பதைப் போல் இருக்கிறதே என்றது. அழகான கற்பனை, பலரும் ரசித்தார்கள். ஆனால் விக்ரம் சாராபாயின் பெயர் தாங்கிய லேண்டர், பார்த்துக்கொள்ளும் வேலை என்று வந்ததும் தாயாகிவிட்டதைக் கவனிக்க வேண்டும். நிலாச்சோறு ஊட்டிய காலத்திலிருந்து நிலாவுக்கும் பெண்ணுக்கும் நாம் கொடுத்திருக்கும் உறவு இது ஒன்றுதான்: குழந்தைக்கு வேடிக்கை காட்டுவது. பாதை வரைந்த பெண்ணுக்கு அந்தக் காட்சியில் இடம் கிடைக்கவில்லை.

26ஆம் தேதி பெங்களூருவுக்கு வந்த பிரதமர், லேண்டர் இறங்கிய இடத்துக்குச் 'சிவசக்தி' என்று பெயர் வைத்தார். சக்தி என்ற சொல் பெண் அறிவியலாளர்களின் பங்கைக் குறிப்பதாகவும் சொன்னார். பெண்களைப் பற்றிப் பேசினாரே, அது போதாதா என்று கேட்கலாம். எனக்குப் போதவில்லை. சாராபாய்க்கு ஒரு லேண்டர். சந்திரயான்-1 அனுப்பிய மோதுகலன் விழுந்த இடம் நேருவின் நினைவாக 'ஜவஹர் ஸ்தலம்'. ஆண்கள் பெயரோடு போகிறார்கள். பெண்கள் தத்துவமாகப் போகிறார்கள்.

பெயர்கள் இல்லாமலா போயிற்று? சந்திரயான்-2இன் திட்ட இயக்குநர் முத்தையா வனிதா, மிஷன் இயக்குநர் ரித்து கரிதால். சந்திரயான்-3இல் திட்ட இயக்குநர் பக்கத்து விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல் என்றால், துணைத் திட்ட இயக்குநர் கல்பனா காளஹஸ்தி. (நெருப்புத் தலமான நம்மூருக்குக் காற்றுத் தலத்தின் பெயர் தாங்கியவர் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம்.) தரையிறங்கிய மாலை அவர் பேசியது சில நிமிடங்கள்கூட இருக்காது. சந்திரயான்-2 அனுபவத்துக்குப் பின் மீண்டும் கட்டத் தொடங்கிய நாளிலிருந்து தங்கள் குழுவின் மூச்சே இதுதான் என்ற பொருளில் பேசினார். 2019இல் லேண்டர் நொறுங்கிய பிறகு நாடு பார்த்தது, இஸ்ரோ தலைவரைப் பிரதமர் அணைத்துத் தேற்றிய காட்சியை. வனிதாவை யார் தேற்றினார்கள் என்று நாம் கேட்கக்கூட இல்லை.

பெயரில்லாத பெருமை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2014 செப்டம்பரில் உலகைச் சுற்றிய படம் சான்று. மங்கள்யான் செவ்வாயை எட்டிய நாளில், பட்டுப் புடவையும் தலையில் பூவுமாகச் சிரிக்கும் பெண்கள். ராக்கெட் விஞ்ஞானிகள் என்று உலகம் கொண்டாடியது. அவர்கள் நிர்வாகப் பிரிவு ஊழியர்கள் என்று இஸ்ரோ பின்னர் விளக்கியது. இரண்டு தரப்புக்குமே இழப்பு. கட்டுப்பாட்டு அறையில் இருந்த பெண்களின் முகம் வெளியே வரவில்லை. அலுவலகப் பெண்களின் மகிழ்ச்சியோ ஏதோ ஏமாற்று வேலைபோல ஆகிவிட்டது. சம்பளமும் கணக்கும் கோப்பும் இல்லாமல் எந்த விண்கலமும் கிளம்பாது என்றாலும்.

வேறு கிரகம் ஒன்றின் தரையில் முதன்முதலாக ஓடிய ஊர்தியின் கதை இதற்கு நேர் எதிர். 1997 ஜூலையில் செவ்வாயில் இறங்கிய அதுவும் ஆறு சக்கர வண்டிதான். வேகமும் நொடிக்கு ஒரு சென்டிமீட்டர்தான். மொத்தம் ஓடியது ஏறக்குறைய நூறு மீட்டர். அதை உருவாக்கிய குழுவைத் தலைமையேற்று நடத்தியவர் டோனா ஷெர்லி என்ற பெண் பொறியாளர். பெயர் வைக்க மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டி நடத்தினார்கள். நிபந்தனை, பெயர் ஒரு பெண் சாதனையாளருடையதாக இருக்க வேண்டும். வேலரி அம்ப்ராய்ஸ் என்ற 12 வயதுச் சிறுமி சொன்ன பெயர் வென்றது: சோஜர்னர். அடிமையாகப் பிறந்து, இசபெல்லா என்ற பெயரை 1843இல் தானே மாற்றிக்கொண்டு, அடிமை ஒழிப்புக்காகவும் பெண்ணுரிமைக்காகவும் ஊர் ஊராக நடந்து பேசிய சோஜர்னர் ட்ரூத்தின் பெயர். அமெரிக்கா தன் கறுப்பினப் பெண்களை எப்படி நடத்தியது என்பது வேறு கதை; வண்டிக்குப் பெயர் வைத்தால் அது தீர்ந்துவிடாது. இருந்தாலும் அந்த வண்டியைத் தொலைக்காட்சியில் தொடர்ந்த எந்தக் குழந்தையும் 'யார் அது?' என்று கேட்டால், பதிலாக ஒரு வாழ்க்கையைச் சொல்ல முடிந்தது. வெள்ளிக் கோளில் பெண் பெயர்களே வைப்பது உலக வழக்கம். நம் ஆனந்திபாய் ஜோஷிக்கும் டாக்டர் ஜெருஷா ஜிராடுக்கும் அங்கே பள்ளங்கள் உண்டு. பள்ளிப் பாடத்தில் இதைச் சேர்க்க ஏன் தயங்குகிறோமோ தெரியவில்லை.

'சக்தி யார்?' என்று கேட்டால் திருவண்ணாமலைக்காரர்கள் சொல்லும் கதை வேறு. பார்வதி விளையாட்டாகச் சிவனின் கண்களைப் பொத்தினாள். அந்தக் கண்கள் சூரியனும் சந்திரனும். உலகம் இருண்டது. ஒரு கண நேர விளையாட்டுக்குப் பரிகாரமாகக் காஞ்சியிலும் பின்பு அண்ணாமலையிலும் தவம் இருந்தாள்; இடப்பாகம் கிடைத்தது. கார்த்திகைத் தீபத்தன்று மாலை ஆறு மணிக்குச் சற்று முன் அர்த்தநாரீசுவரர் வெளியே வருகிறார். வருடத்தில் அந்த ஒரு நாள், சில நிமிடங்கள். மலையில் தீபம் ஏறியதும் உள்ளே. நிலாவைப் பொத்தியதற்குத் தண்டனை, தவம், பாதி உடல், சில நிமிட தரிசனம்: சிவசக்தி என்ற சொல்லுக்குள் இந்த ஊர்ப் பெண்களுக்குக் கேட்பது இவ்வளவும்தான். 2024 மார்ச்சில் சர்வதேச வானியல் ஒன்றியம் அந்தப் பெயரை ஏற்றது.

செப்டம்பர் 2ஆம் தேதி, நூறு மீட்டர் ஓடி முடித்த பிரக்யானை உறங்க வைத்ததாக இஸ்ரோ அறிவித்தது. அதே நாள் முற்பகல் 11:50க்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஆதித்யா-எல்1 கிளம்பியது. அதன் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி, செங்கோட்டையில் வளர்ந்து திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் படித்தவர். சந்திரயான்-3 கிளம்பிய ஜூலை 14 அன்று எண்களைப் பின்னோக்கி எண்ணிய குரல் வளர்மதியுடையது. அந்தச் செப்டம்பரின் தொடக்கத்தில் அவர் மாரடைப்பால் இறந்தார். கோடிக்கணக்கானோர் கேட்ட அந்தக் குரலுக்கு ஒரு பெயர் உண்டு என்பதைப் பலரும் இரங்கல் செய்தியில்தான் அறிந்தோம்.

அக்டோபர் 2 அன்று தமிழ்நாடு அரசு ஒன்பது விண்வெளி அறிவியலாளர்களை மேடையேற்றி ஆளுக்கு 25 லட்சம் ரூபாய் பரிசளித்தது. அதில் பெண்கள் இரண்டு பேர்: வனிதா, நிகர் ஷாஜி.