இதய மருத்துவம், தமிழ்நாட்டில்

இதயம் ஒன்றோடொன்று ஒட்டிய இரண்டு பம்புகள். வலப்பக்கம், உடலைச் சுற்றித் திரும்பும் ரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்புகிறது. இடப்பக்கம், அங்கிருந்து ஆக்சிஜனோடு வரும் ரத்தத்தை உடலெங்கும் செலுத்துகிறது. ஓய்வில் இருக்கும்போது ஒவ்வொரு பக்கமும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தம் செலுத்துகிறது. நான்கு வால்வுகள் ரத்தம் பின்வாங்காமல் தடுக்கின்றன. இதயத் தசைக்கு வேண்டிய ரத்தம் கரோனரித் தமனிகள் வழியே வருகிறது. வால்வு கெட்டவர் ஆண்டுக்கணக்கில் மூச்சு வாங்கித் தளர்கிறார். கரோனரித் தமனி அடைபட்டவரின் இதயத் தசையோ சில மணி நேரத்தில் சாகிறது. தமிழ்நாட்டில் இதய மருத்துவம் எங்கே வளர்ந்தது, யாரை எட்டியது என்பதைப் பெரிதும் தீர்மானித்தது இந்தக் கால வேறுபாடே எனக் கருத இடமுண்டு.

சித்த மருத்துவர்கள் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், கபம் என நாடி பார்த்தனர். ரத்தம் சுற்றிவருவதை ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628-இல் நிறுவினார். ஆனால் இதயத்தைத் தொட்டுச் சரிசெய்யும் மருத்துவம் இங்கே வேரூன்றியது வேலூரில்தான். கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1948-இல் வந்த அமெரிக்க அறுவை மருத்துவர் ரீவ் பெட்ஸ், அடுத்த ஆண்டு நெஞ்சக அறுவைத் துறையைத் தொடங்கினார். அன்று பெரிதாக நின்ற நோய் ருமாட்டிக் இதயநோய். நெரிசலான வீடுகளில் பிள்ளைகளுக்குத் தொற்றும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைப்புண்ணை எதிர்க்க எழும் ஆற்றல், சிலரிடம் அவர்களின் இதய வால்வையே தாக்கிவிடும். இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையே உள்ள ஈரிதழ் வால்வின் இதழ்கள் ஒட்டிக்கொண்டு வழி குறுகும். மேலைநாடுகளில் பெரும்பாலும் நடுவயதில் முற்றிய இந்நிலை, இந்தியாவில் இருபது வயது நிரம்பாதவர்களிடமும் காணப்பட்டது. இதற்குச் செய்யப்பட்ட ‘மூடிய’ அறுவையில் இதயம் நிறுத்தப்படுவதில்லை. விலா எலும்புகளுக்கு இடையே திறந்து, இடது மேலறையின் மடலில் சிறு துளையிட்டு, மருத்துவர் தம் சுட்டுவிரலை உள்ளே விடுவார். துடிக்கும் இதயத்துக்குள் எதையும் கண்ணால் பார்க்க முடியாது. ஒட்டிய இதழ்களை விரல்நுனி தேடிக் கண்டுகொள்ளும், விரலோ விரிப்பான் கருவியோ பிரித்துவிடும். விலையுயர்ந்த இதய-நுரையீரல் இயந்திரம் தேவைப்படாததால் ஏழை நாட்டுக்கு ஏற்ற சிகிச்சை இது. வேலூர் அறுவை மருத்துவர் ஸ்டான்லி ஜானும் அவருடைய குழுவினரும் 1983-இல் ‘சர்க்குலேஷன்’ இதழில் வெளியிட்ட கட்டுரை, 1956 முதல் 1980 வரை வேலூரில் இவ்வாறு சிகிச்சை பெற்ற 3,724 பேரின் நிலையைப் பதிவுசெய்கிறது. கால் நூற்றாண்டு விடாமல் கணக்கு வைத்த அந்தப் பொறுமை, அறுவைத் திறனுக்குச் சற்றும் குறைந்ததன்று.

இதயத்தைத் திறந்து உள்ளே பார்த்தபடி செய்யும் ‘திறந்த’ அறுவையில் இந்தியாவின் முதலாவது எது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. 1961-இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் கே.என். தஸ்தூர் செய்ததைச் சிலர் குறிப்பிடுவர். வெற்றிகரமான முதல் அறுவை என்ற பெருமையை வேலூரின் என். கோபிநாத்துக்குத் தருவோரும் உளர். 1975-இல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் கே.எம். செரியன் செய்த, அடைபட்ட கரோனரித் தமனிக்கு மாற்றுவழி அமைக்கும் பைபாஸ் அறுவை நாட்டிலேயே முதலாவது எனப் பொதுவாக ஏற்கப்படுகிறது.

இவையெல்லாம் நோயாளி மருத்துவமனையைத் தேடிச் சென்ற காலத்தவை. காரைக்குடியிலிருந்து வேலூர் 300 கிலோமீட்டருக்கும் மேல்; வால்வு நோயாளிக்கு அந்தப் பயணம் கடினமானது, ஆனால் இயலாததன்று. மாரடைப்பு வந்தவருக்கு மதுரை கூட எட்டாத தூரமாகிவிடலாம். தமனி அடைப்பு பெருகியபோது, சிகிச்சை நோயாளியை நோக்கி நகர வேண்டியதாயிற்று. இதயநோய் இறப்புகளுக்குக் காரணம் தூரமன்று, மரபுதான் என்று வாதிடலாம்: தெற்காசியரில் ஏறத்தாழ 4 விழுக்காட்டினரிடம் உள்ள ஒரு மரபணுக் குறைபாடு இதயத்தை நலிவிக்கும் என்று மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இடம்பெற்ற குழு 2009-இல் காட்டியது. ஆனால் அது இதயத் தசையின் நோய். மாரடைப்பின்போது வீணாகும் நேரத்துக்கு அது விடையாகாது. ஊர்தோறும் தமனிக்குள் குழாய் செலுத்தும் கேத் லேப் அமைத்து, அடைப்பை விரித்துத் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி செய்வதே சிறந்தது என்ற வாதம் வலுவானது. உரிய நேரத்தில் கிடைத்தால் அதுவே மேல் என்பதில் ஐயமில்லை. அந்த ‘உரிய நேரம்’தான் சிக்கல். சிறிய மருத்துவமனையில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுத்து, பின் ஆம்புலன்சில் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் முறை தமிழ்நாட்டின் நான்கு வட்டாரங்களில் 2,420 நோயாளிகளிடம் ஆராயப்பட்டது. 2017-இல் வெளியான முடிவின்படி ஓராண்டு இறப்பு 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 ஆகக் குறைந்தது. முன்னும் பின்னும் ஒப்பிட்ட ஆய்வு இது. குலுக்கல் முறையில் பிரித்துச் செய்ததன்று. எனவே குறைவு முழுவதையும் இம்முறையின் கணக்கில் எழுத இயலாது. திசை மட்டும் தெளிவு.

2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்தது. 2023-இல் வந்த ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், மாரடைப்பு அறிகுறியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டேட்டின் மாத்திரைகள் தரப்படுகின்றன. கட்டி பெருகாமல் முதல் இரண்டும் தடுக்கும், ஆனால் எதுவும் அதைக் கரைத்துவிடாது, அதனால் ஈ.சி.ஜி.யும் மேல் மருத்துவமனைக்கான பயணமும் உடனே தொடர வேண்டும்.